பைக்கை உள்ளே நிறுத்தலாம்

“அக்காவோட ஆதாரையும் குடுங்கண்ணே” என்றார் லாட்ஜ்காரர் கருத்தக்கண்ணன்.

ஜூடு நிமிர்ந்து பார்த்தான். “நான் ஒத்தையாத்தான் வந்திருக்கேன்.”

“வெளையாடாதீகண்ணே. ஒங்க முதுகுல சாஞ்சு அசந்து தூங்கிக்கிட்டு வந்தாகள்ல?” என்று வாசலை எட்டிப் பார்த்தார். தகர ஷெட்டுக்குள் பைக் மட்டும் நின்றது. கண்ணைக் கசக்கிக்கொண்டு சாவியை நீட்டினார்.

ஜூடு சாவியை வாங்கிக்கொண்டு, பைக்கின் வெறும் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

போன வருஷம் ஈஸ்டர் லீவில் ஹம்பி வரைக்கும் போய்விட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பும்போது, இதே வாடிப்பட்டியில், இதே லாட்ஜைக் கைகாட்டி, “ஏங்க, இங்கயே தங்கிருவோம். கண்ணு சொருகுது” என்று கெஞ்சினாள் அவன் மனைவி ஜாய்ஸ். அப்போது இந்த ஷெட் கிடையாது. பைக்கை ரோட்டோரம்தான் விட வேண்டும். பாவி, அவனுக்கு அதுதான் பெரிய கவலையாகப் போயிற்று.

“புது வண்டி. வெளிய விட்டுட்டு எனக்குத் தூக்கம் வராது. அடுத்த லாட்ஜ் பாப்போம்.”

அடுத்ததிலும் வண்டியை உள்ளே விட இடமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனாள். சமயநல்லூர் நெருங்கும்போது அந்தக் கைகள் தளர்ந்தன. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. பைக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

அவள் கேட்ட இடத்தில் ஒரு ராத்திரி தங்கினாலாவது மனசு ஆறாதா என்றுதான் இன்று வந்திருந்தான். இப்போது வாசல் போர்டிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், பைக்கை உள்ளே நிறுத்தலாம் என்று. ஒரு வருஷம் முன்னால் போட்டிருக்கக் கூடாதா?

அறையில் பினாயில் வாடை. நாலுவழிச் சாலையில் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் அந்தி சாய்ந்த பிறகும் அனல் விட, ஃபேன் காற்றோடு ஜாய்ஸ் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் மணமும், அதற்கு அடியில் தார் ரோட்டில் தேய்ந்த துணியின் தீய்ந்த நாற்றமும் கலந்து வந்தன. கட்டிலில் இரண்டு தலையணைகள். ஒன்றைத் தட்டிச் சரிசெய்தான்.

“வந்து படும்மா” என்றான். கட்டிலின் கால்மாட்டு மூலையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றக் குனிந்தான்.

கரண்ட் போனது.

பின்னால் மெத்தை மெதுவாக அமுங்கியது. இடுப்பைச் சுற்றி இரண்டு கைகள் வந்தன. முதுகில் ஹெல்மெட் சாய்ந்தது. அதற்குள்ளே மூச்சு. சீரான, ஆழ்ந்த மூச்சு.

“நிறுத்திட்டேன்மா. வண்டிய நிறுத்திட்டேன். நாம எறங்கிட்டோம்.”

தூங்குகிறாள். அசைந்தால் விழுந்துவிடுவாள்.

அவன் அசையவில்லை. குனிந்த முதுகு கடுத்தது. கால் மரத்தது. கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. முதுகில் பாரம் கூடிக்கொண்டே போனது.

ஒரு விரல் தளர்ந்தது. இன்னொன்று.

“வேணாம் ஜாய்ஸ்.”

இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். சில்லிட்டிருந்தன. பாரம் பக்கவாட்டில் சரிந்தது. இறுக்கினான். இன்னும் சரிந்தது. இன்னும் இறுக்கினான். இந்த முறை விட மாட்டான். செத்தாலும் விட மாட்டான்.

தொப்பென்று தரையில் விழுந்த சத்தம் கேட்டது. ஹெல்மெட் உருண்டது.

கைகள் இரண்டும் அவன் மடியிலேயே இருந்தன, அவன் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டு.