ரஞ்சனாவின் பங்கு

லக்‌ஷிகா பூரிக்கட்டையை மேசையில் வைத்த பிறகும் பிஸ்கட் நொறுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கறுப்புச் சொக்லேட் பிஸ்கட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கி மூடி, அக்காவும் தம்பியும் மாறி மாறிக் கட்டையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டை நின்றது, பையும் அசையவில்லை, ஆனாலும் யாரோ வாயை மூடிக்கொண்டு அவசரமில்லாமல் மென்று தின்பதைப் போல அந்தச் சத்தம் தொடர்ந்து, பிறகுதான் அடங்கியது. புனிதா யனுஷனின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"என்னடா வாய்க்குள்ள? காட்டு பாப்பம்."

அவன் ஆவென்று காட்டினான். விழுந்த பல்லின் இடைவெளியைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

"நான் ஒண்டும் சாப்பிடேல்ல அன்ரி," என்றான் ரோஷத்தோடு.

பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது கொறித்திருப்பார் என்று புனிதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடல் கடந்து வந்து குடியேறிய ரெய்னர்ஸ் லேனில் ஒட்டிக் கட்டிய இந்த வீடுகளில் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து 'நூறு' சொல்லலாம். குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் திருப்பிய வாரம். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் ஜன்னல் கறுத்துவிட்டது. எதிர்வீட்டுப் படியில் செதுக்கி வைத்த பூசணிக்காய் உள்ளே விளக்கோடு இளித்துக்கொண்டிருந்தது, தூரத்தில் யாரோ பண்டிகைக்கு மிஞ்சிய வாணத்தைக் கொளுத்தினார்கள், தெருவில் பேய் வேஷம் போட்ட பிள்ளைகளின் சிரிப்பு ஒவ்வொரு வாசலாக நகர்ந்து வந்தது.

அவளுடைய கணவன் பிரியந்தனுக்குப் பின்னேர ஷிப்ட். அதனால்தான் இந்த நாளையே தேர்ந்தெடுத்திருந்தாள். அவன் இருந்தால் பிள்ளைகள் அவன் மடியை விட்டு இறங்கமாட்டார்கள். அடுப்பு மூட்டாமல் செய்யக்கூடிய ஹலோவீன் இனிப்பு ஒன்றை வீடியோவில் பார்த்து, சாமான்களை வாங்கி ஒளித்து வைத்து, வேலைக்கும் லீவு சொல்லியிருந்தாள். கிளாசின் அடியில் கிரீம் சீஸும் அடித்த கிரீமும் கலந்து ஊற்ற வேண்டும். மேலே நொறுக்கிய பிஸ்கட்டைத் தூவினால் அது மண். மண்ணுக்குள்ளிருந்து ஜெலிப் புழுக்கள் எட்டிப்பார்க்க, நீட்டு பிஸ்கட் ஒன்றைக் குத்தி நிறுத்தினால் அது கல்லறை. பிறகு பிரிட்ஜில் வைத்தால் வேலை முடிந்தது. கை சுடாத, கத்தி தேவைப்படாத விளையாட்டு. இப்படி ஒரு விளையாட்டின் நடுவில், சிரிப்போடு சிரிப்பாக, வாய் தவறியாவது ஒரு பிள்ளை தன்னை அம்மா என்று கூப்பிடாதா என்று அவள் ஏங்கினாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். இரண்டாந்தாரமாக இந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து அவள் வெறும் அன்ரிதான்.

அவர்களுடைய அம்மா ரஞ்சனா, புற்றுநோய் வந்து செத்துப்போனவள். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் ஒருமாதிரிச் சமாளிக்கலாம். அவள் கத்துவாள், கறிக்கு உப்பைக் கூட்டிப் போடுவாள், ஒருநாள் தலை நரைத்துப்போவாள். செத்தவளோ ஒரு பிழையும் விடமாட்டாள். ஹோலில் சின்ன மின்விளக்குக்குக் கீழே வைத்த படத்தில், அதே வயதில், அதே சிவப்புச் சேலையில், வருஷம் முழுவதும் சிரித்துக்கொண்டேயிருப்பாள். புனிதா தன்னால் முடிந்த சண்டையைப் போட்டுத்தான் பார்த்தாள். ரஞ்சனாவின் உடுப்புகளைத் தர்மத்துக்குக் கொடுத்தாள். குசினி லாச்சிகளில் கிடந்த கரண்டி, துணி எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்கினாள். கடைசி மாதங்களில் ரஞ்சனா கையில் பூசிய லவண்டர் கிரீம் போத்தலை, பிரியந்தன் ஒருநாள் மூடியைத் திறந்து மணந்துகொண்டு நிற்பதைக் கண்டதும், மறுநாளே குப்பையில் போட்டாள். படத்தில் மட்டும் கை வைக்க முடியவில்லை.

"அன்ரி, அம்மா கிரீமை இப்பிடி அடிக்கமாட்டா," என்றாள் லக்‌ஷிகா. "கிண்ணத்தைச் சரிச்சு வச்சுத்தான் அடிப்பா."

"நான் இப்பிடித்தான் அடிப்பன்."

"அதுதான் தண்ணியா கிடக்கு."

புனிதா கிண்ணத்தைச் சரித்துப் பிடித்தாள். கிரீம் உடனே திரண்டுவிட்டது. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கிளாஸ்களை நிரப்பினார்கள். யனுஷன் மண்ணைத் தூவியதில் பாதி அவன் எலும்புக்கூட்டுச் சட்டையில் விழுந்தது. எழுதுவதற்கென்று வாங்கிய வெள்ளை ஐசிங் குழாயை லக்‌ஷிகா பிடுங்கிக்கொண்டாள். நாக்கைக் கடித்தபடி ஒவ்வொரு பிஸ்கட்டிலும் சிலுவையும் மண்டையோடும் கீறினாள். கடைசிப் பிஸ்கட்டில் மட்டும், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்தில், மெதுவாக 'அம்மா' என்று எழுதினாள். புனிதாவின் நெஞ்சு ஒருமுறை துள்ளியது.

"இது ஆருக்கு?" என்று கேட்டாள். குரல் தானாகக் குழைந்துவிட்டது.

"அம்மாக்கு. படத்துக்கு முன்னால வைக்கோணும். எங்கட வீட்டில என்ன செய்தாலும் முதல் அம்மாக்குத்தானே." தெரியாதவளுக்கு விளக்குவதைப் போலச் சொல்லிக்கொண்டு போனாள். "அதுவரைக்கும் ஒருத்தரும் ருசி பாக்கேலாது. எச்சில் பட்டால் அம்மா தொடமாட்டா. பிறகு அப்பா அந்தக் கிளாசில முதல் கரண்டி சாப்பிட்டிட்டு எங்களுக்குத் தருவார்."

மந்திரவாதித் தொப்பியை எடுத்துவர இரண்டு பேரும் மாடிக்கு ஓடினார்கள். குசினி வெறிச்சோடியது. பிரிட்ஜின் உறுமல், குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர், மேலே ஓடும் சின்னக் கால்கள். ஒன்றும் சமைக்காத குசினி குளிர்ந்து கிடந்தது, சொக்லேட்டின் கசப்பு மணம் ஈரமண் மணத்தைப் போலவே மூக்கில் ஏறியது. அந்த வெள்ளை எழுத்துகளைப் பார்த்தபடி நின்ற புனிதாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. லீவு போட்டவள் அவள், சாமான் சுமந்தவள் அவள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விழித்துக் கிடக்கிறவளும் அவள்தான். பெயர் மட்டும் மற்றவளுக்கு.

ஒரு கரண்டியை எடுத்தாள். ரஞ்சனாவின் கிளாசுக்குள் ஆழமாகக் குத்தி அள்ளி வாயில் போட்டாள். கரண்டியை முன்னும் பின்னும் நக்கினாள். நக்கிய கரண்டியால் இன்னொருமுறை கிளாசுக்குள் கிளறி, மண்ணை மேலே இழுத்துச் சமப்படுத்தி, கரண்டியை அப்படியே குத்தி வைத்தாள்.

"என்ர எச்சிலைத் தின்னு," என்றாள் மெதுவாக.

சொல்லி முடித்ததும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கம் வரவேயில்லை.

பிள்ளைகள் இறங்கி வந்ததும் கிளாசை ஹோலில் படத்துக்கு முன்னால் வைத்துப் படைத்தார்கள். பிள்ளைகள் கண்ணை மூடிக் கும்பிட்டபோது புனிதா கண்ணைத் திறந்து படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மின்விளக்கு ஒருதரம் மங்கித் தெளிந்தது. வாசல் மணி அடித்தது. தெருப் பிள்ளைகள் பையை நீட்டிக்கொண்டு நின்றார்கள், அவர்களுக்கு இனிப்பு போட்டுக் கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் குசினிக்குத் திரும்பினார்கள். லக்‌ஷிகா மிச்ச ஐசிங்கைத் தம்பியின் மூக்கில் பூசினாள். அவன் கெக்கட்டமிட்டுச் சிரித்தான்.

ஹோலில் கரண்டி கிளாசில் தட்டியது.

கிணிங் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிறகு கிளாசின் அடியைச் சுரண்டி வழிக்கும் சத்தம், அதன் பின்னால் அந்த மெல்லுதல், வாயை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல். புனிதா பிள்ளைகளைப் பார்த்தாள். இரண்டு பேரும் கண்ணெதிரே நின்றார்கள். அவர்களுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

அவள் ஹோலுக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் இது தன் வீடு என்று நிரூபிக்க அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. கம்பளத்தில் அவள் கால் சத்தம் எழவில்லை, கதவைத் தாண்டியதும் முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. லவண்டர். அதற்குக் கீழே மருந்தின் புளிப்பு. கிளாசில் அவள் சமப்படுத்தி வைத்த மண் குழிந்திருந்தது. பாதியைக் காணவில்லை. கரண்டி ஈரமாக மின்னியது, அதன் குழியில் புதிதாக நக்கிய தடம்.

புனிதாவின் எச்சில் பட்டதை ரஞ்சனா தின்றிருக்கிறாள். அருவருக்கவில்லை.

"அம்மா சாப்பிட்டிட்டா!" என்று பின்னாலிருந்து லக்‌ஷிகா கத்தினாள். புனிதா திரும்புவதற்குள் அவள் கிளாசைத் தூக்கிவிட்டாள். "அம்மாக்குப் பிடிச்சிருக்கு! அப்பா இல்லைத்தானே. அன்ரி, நீங்கதான் இண்டைக்கு முதல் சாப்பிடோணும்."

"வேண்டாம் பிள்ளை. அதை அங்க வை."

"ஆ சொல்லுங்கோ."

"எனக்கு வேண்டாம் எண்டு சொல்லுறன்."

லக்‌ஷிகாவின் முகம் வாடியது. இதுவரை இந்தப் பிள்ளை அவளுக்கு ஒரு வாய் ஊட்டியதில்லை, மடியில் சாய்ந்ததில்லை, கையைக்கூடத் தானாகப் பிடித்ததில்லை. இப்போது நுனிக்காலில் எட்டி நின்று, சிந்தாமல் இருக்க மற்றக் கையைக் கரண்டிக்குக் கீழே பிடித்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை இரவுகள் இந்தக் காட்சியை நினைத்தபடி படுத்திருக்கிறாள். மறுத்தால் இனி ஒருபோதும் வராது.

வாயைத் திறந்தாள்.

கரண்டி ஐஸைப் போலக் குளிர்ந்தது. சொக்லேட் தெரியவில்லை. நாக்கு முழுவதும் லவண்டர் படர்ந்தது, பிறகு வேறொரு வாயின் வெதுவெதுப்பு. துப்ப நினைத்தாள். தொண்டை விழுங்கியது.

"நல்லா இருக்கா?" என்றான் யனுஷன்.

"நல்லா இருக்குக் குஞ்சு."

குஞ்சு என்று புனிதா யாரையும் கூப்பிட்டதில்லை.

கால்கள் குசினிக்கு நடந்தன. நடக்கச் சொன்னது அவளல்ல. கை ஒரு லாச்சியை இழுத்தது. உள்ளே துடைக்கிற துணிகள் கிடந்தன. நாக்கு 'ச்' கொட்டியது. மற்ற லாச்சி. அதுவும் சரியில்லை.

"ஆர் இதெல்லாம் மாத்தி வச்சது?" என்று வாய் கேட்டது.

"அன்ரிதான்," என்றாள் லக்‌ஷிகா.

"எந்த அன்ரி?"

கை லக்‌ஷிகாவின் தொப்பியைக் கழற்றியது. முடியைக் கோதி, காதுக்குப் பின்னால் ஒதுக்கி, மூன்றாகப் பிரித்து, இடப்பக்கமாகச் சரித்துப் பின்னத் தொடங்கியது. வேகமாக, பார்க்காமலே. புனிதாவுக்கு அப்படிப் பின்னத் தெரியாது. விரல்களை நிறுத்தப் பார்த்தாள். விரல்கள் எங்கோ தூரத்தில் இருந்தன, கிணற்றின் அடியிலிருந்து அவள் மேலே பார்ப்பதைப் போல.

லக்‌ஷிகா மெதுவாகத் திரும்பி, நிமிர்ந்து, அந்த முகத்தைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"அம்மா?"

வந்துவிட்டது. அந்தச் சொல். அவள் காத்துக் கிடந்த அதே சொல்.

நான்தான் இங்கே, உள்ளே, புனிதா, என்று அவள் கத்தினாள். சத்தம் பல்லைத் தாண்டவில்லை.

"ஓம் ராசாத்தி," என்றது வாய்.

பிள்ளை பாய்ந்து வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. யனுஷன் காலைக் கட்டினான். அக்காவைப் பார்த்து அவனும் சொன்னான், அம்மா, அம்மா என்று, நிறுத்தாமல். கைகள் இருவரையும் அணைத்தன. அணைப்பின் சூடு எதுவும் புனிதாவை எட்டவில்லை. தன் கை. தன் மடி. தன் உடம்பின் மேலேயே அவளுக்குப் பொறாமை வந்தது. கிழிக்கிற பொறாமை.

லக்‌ஷிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கிளாசிலிருந்து இன்னொரு கரண்டி அள்ளினாள்.

வேண்டாம்.

உள்ளே போனது. குசினி வெளிச்சம் ஒரு சாண் விலகியது.

வேண்டாம், பிள்ளை. வேண்டாம்.

இன்னொன்று. பிரிட்ஜின் உறுமல் நின்றுபோனது. பிள்ளைகளின் குரல் மட்டும் மெல்லியதாக, மேலேயிருந்து. அதற்கும் மேலே, அவளுடைய சொந்தப் பற்கள் மெல்லும் சத்தம்.

"இன்னும் வேணுமோ அம்மா?"

ஆசையோடு அகலமாக வாய் திறந்தது. கடைசியாக மிஞ்சிய அந்த வட்ட வெளிச்சத்தில், பிஞ்சு விரல்கள் பிடித்த கரண்டி நிறைந்து வழிந்தபடி அவளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.