மூன்று தட்டு

அவள் தட்டவில்லை. ஆனால் தட்டுச் சத்தம் கேட்டது.

கவிழ்த்து வைத்த படகுக்குள், பழைய மெத்தைத் துண்டொன்றின் மேல் மல்லாந்து கிடந்த மக்டலின், தன் கையிலிருந்த இரும்புக் கட்டியைப் பார்த்தாள். அது அவளுடைய நெஞ்சின் மேல்தான் இருந்தது. முகத்துக்கு மேலே வளைந்து நின்ற அலுமினியத் தகட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி.

"இஞ்சேருங்கோ! இப்ப தட்டினது ஆர்?" என்று கத்தினாள்.

வெளியே ரப்பர் சப்பாத்துகள் இரண்டும் அவள் பக்கம் திரும்பின. படகின் விளிம்புக்கும் சீமெந்துத் தரைக்கும் இடையில் முட்டுக்கட்டைகள் வைத்து விட்டிருந்த ஒன்றரை அடியில் கணவரின் கால்கள் மட்டுமே தெரியும்.

"நீர்தானே தட்டினீர்," என்றார் அந்தோனிதாஸ். "ஒண்டு. சரி எண்டு. நான் அடுத்த ஆணிக்குப் போயிட்டன்."

"நான் தட்டேல்லை. உங்கட காது மெசின் மேல கிடக்கு, உங்களுக்கு எப்பிடிக் கேட்டது?"

"காதால இல்லையப்பா, கையால. தகடு அதிரும், சுத்தியலுக்குத் தெரியும்." அவர் சிரித்தார். "படுத்துக் கிடந்து நித்திரை கொண்டிட்டீர் போல."

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். இத்துப்போன ரிவிட் ஆணியைத் துளைத்து எடுத்துவிட்டு, அவர் வெளியிலிருந்து புது ஆணியைச் செருகிச் சுத்தியலால் அடிப்பார். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வாலில் ஒருவர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்கவேண்டும், அப்போதுதான் வால் நசிந்து பூட்டிக்கொள்ளும். அவருடைய முழங்கால் குனிய விடாது. ஆகவே உள்ளே நுழைவது மக்டலின். கடிகாரத் தொழிற்சாலையில் முப்பது வருடம் மெருகு மெசினோடு நின்று காதைக் கொடுத்துவிட்டு வந்த மனிதர் அவர்; கத்தினால்தான் கேட்கும். காதுக் கருவியோடு சுத்தியல் பிடித்தால் தலை வெடித்துவிடும் என்பார். அதனால் அவர்களுக்குள் ஒரு கணக்கு. இரண்டு தட்டினால் 'பிடிச்சாச்சு, அடியுங்கோ'. ஒன்று தட்டினால் 'சரி'. மூன்று தட்டினால் 'நிப்பாட்டிப்போட்டு வாங்கோ'.

மூன்று தட்ட இதுவரை தேவை வரவில்லை.

ஓய்வூதியம் வந்த நாளிலிருந்து பதினாலு மாதம் அவர் யன்னலோரக் கதிரையில்தான் இருந்தார். நொஷாட்டல் ஏரியைப் பார்த்துக்கொண்டு, சாப்பிடு என்றால் சாப்பிட்டு, படு என்றால் படுத்து. மக்டலின் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மதாம் பெரே என்றொரு கிழவி புதிதாக வந்து சேர்ந்தார். அவருடைய மகன் வீட்டைக் காலி செய்யும்போது, கராஜில் கிடந்த நாலு மீற்றர் மீன்பிடிப் படகை யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றான். கார்த்திகை கடைசியில் படகு இவர்களுடைய கராஜுக்குள் வந்தது. அன்றிரவே கணவர் கதைக்கத் தொடங்கினார்.

"மன்னாரில பிறந்தும் கடலைக் கண்டாச் சத்தி எடுக்கிற ஆளுக்கு வள்ளம் என்னத்துக்கு?" என்று அவள் பகிடி பண்ணினாள்.

"இது ஏரி. ஏரியில சத்தி வராது. உயிர்த்த ஞாயிறுக்கு முதல் தண்ணியில இறக்கிறன், நீர் முன்னுக்கு இருந்து சவாரி போறீர்."

அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலம். அது மறுபடியும் அணைந்துவிடக் கூடாது என்பதற்காக அவள் படகுக்குள் படுத்தாள். அதற்காகவே சில விஷயங்களை அவரிடம் சொல்லாமலும் விட்டாள்.

ஒன்று, எதிரொலி. தகட்டுக்குள் பேசினால் குரல் திரும்பி வரும், அதில் புதுமையில்லை. ஆனால் இது கொஞ்சம் பிந்தி வந்தது, யோசித்துவிட்டுச் சொல்வதுபோல. "சரி" என்றால், மூச்சு ஒன்று விட்டு, காலடிப் பக்கத்து இருட்டிலிருந்து "சரி". தை மாதம் பிறந்த பிறகு ஒருநாள் அவள் "சரி" என்றபோது "சரியப்பா" என்று வந்தது. அவளுடைய குரல்தான். அந்த 'அப்பா'வை அவள் சொல்லவில்லை.

மற்றது, மதாம் பெரே சொன்ன கதை.

போன கிழமை மடித்த துணிகளை அலுமாரியில் வைக்கப் போனபோது, படகு தன்னிடம்தான் இருக்கிறது என்று மக்டலின் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். கிழவி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் பிரெஞ்சில்தான் கதைத்தார். மக்டலினின் தலைக்குள் அது தமிழாகத்தான் விழுந்தது.

"என்ர மனிசன் அண்டைக்குக் கீழ படகோட வேலை. நாள் முழுக்கத் தட்டுச் சத்தம். வேலை செய்யிற மனிசன் தட்டத்தானே செய்வார், நான் என்னத்தைக் கண்டன்? நாலு மணிக்குக் கோப்பிக்குக் கூப்பிட்டன். வாறன் எண்டார். வந்தார், இருந்தார், சீனி கேட்டார். நாப்பது வருசம் சீனி போடாத மனிசன்."

"பிறகு, மதாம்?"

"குடிச்சார். அவர் எனக்கு முன்னால இருந்து குடிக்கேக்க, கீழ தட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது."

"நீங்கள் போய்ப் பாக்கேல்லையோ?"

"ஏன் பாக்கவேணும்? அவர்தான் முன்னால இருக்கிறாரே."

வாசலில் வைத்துத் தாதி மெல்லச் சொன்னாள். படகு சரிந்து விழுந்து மனுசன் செத்தது உண்மை, காலையிலிருந்து அடியில் கிடந்திருக்கிறார், இரவுதான் எடுத்தார்களாம். கோப்பிக் கதையெல்லாம் வயது போய், நினைவு தடுமாறி, அறளை பெயர்ந்த பிறகு வந்தது. மக்டலினும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். முதியோர் இல்லத்துக் கதைகளை வீட்டுக்குக் காவிக்கொண்டு போனால் வீடு வீடாயிராது. அவருடைய முழங்காலுக்கு ஒரு பூசுமருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

இன்றைக்கு, மாசி மாதத்து ஒரு புதன்கிழமை பின்னேரம், மதியத்திலிருந்தே ஏரியையும் ஊரையும் மூடிக் கிடந்த மூட்டம் கராஜின் சின்னக் கண்ணாடியில் ஈரச் சாம்பல்போல் அப்பிக் கிடக்க, ஈயமும் பழைய மீன்செதிலும் மண்ணெண்ணெயும் கலந்த படகின் மணம் சுருட்டி வைத்த துணியைப்போல் மூக்கில் அடைக்க, அவள் அடுத்த ஆணியின் வாலில் கட்டியை வைத்து இரண்டு தட்டினாள்.

அடி விழவில்லை. சப்பாத்துகள் படிக்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"யூஜினி கோல் எடுக்கிற நேரம்," என்றார் அவர். சொலத்தூர்னில் இருக்கும் மகள் புதன்கிழமையில் தவறமாட்டாள். "கதைச்சுப்போட்டுத் தேத்தண்ணியும் போட்டிட்டுக் கூப்பிடுறன். நீர் அந்த நெளிவுகளைத் தட்டி எடும்."

"கெதியா வாங்கோ!" என்று கத்தினாள்.

"சரி," என்றார் அவர், படிக்கட்டிலிருந்து.

"சரியப்பா," என்றது காலடி இருட்டு.

அவள் கால்களை மடக்கிக்கொண்டாள். மேலே சமையலறைக் கதிரை இழுபட்டது. கராஜுக்கு நேர்மேலேதான் சமையலறை. சுடுதண்ணிக் குழாய் போகும் ஓட்டைவழியே மேலே கரண்டி விழுந்தாலும் கீழே கேட்கும். "ஓம் பிள்ளை, அம்மா கீழ... ஓம், அவதான் மேசன், நான் கையாள்." காதுக் கருவியைப் போட்டுவிட்டார். சிரிப்பும் கேட்டது. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தைரியம் தந்தது. மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு, நெளிவு எங்கே என்று தகட்டை விரலால் தடவினாள்.

கல்லில் அடிபட்ட நெளிவு உள்ளே பிதுங்கி நிற்கவேண்டும். இது குழிந்திருந்தது. வெளிப்பக்கமாக. ஒரு சின்னக் குழி. பக்கத்தில் இன்னொன்று. விரல் நகர நகரக் குழிகள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு.

படுத்துக் கிடக்கும் ஒருவரின் கை எட்டும் இடத்தில்.

அவளுடைய நெஞ்சுக்கு நேரே.

மரச்சுத்தியலைக் கீழே வைத்தாள். வெளியே போய்விடவேண்டும். இப்போதே. முழங்கையை ஊன்றி வெளிச்சத்தின் பக்கம் புரண்டாள். ஒன்றரை அடி வெளிச்சம்.

ஒரு அடி.

முட்டுக்கட்டைகள் சறுக்கவில்லை, முறியவில்லை, ஒரு சத்தமும் இல்லை. படகு விழவில்லை. இறங்கியது. சட்டிக்கு மூடி வைப்பவர்கள் சூடு பார்த்து மெல்ல வைப்பதுபோல, அவ்வளவு கவனமாக இறங்கி, அதன் குறுக்குப் பலகை அவளுடைய விலாவின் மேல் உட்கார்ந்தது. தரை கொஞ்சம் பள்ளமான இடத்தில் மட்டும் ஒரு விரல் கனத்துக்கு வெளிச்சம் மிஞ்சியது.

கத்தினாள். மூச்சு வெளியே போனது, குரல் போகவில்லை. பலகை மறுபடி மூச்செடுக்க விடவில்லை. அரை மூச்சு. கால் மூச்சு. தள்ளினாள். தகடு அசையவில்லை. கைபேசி மேலே சார்ஜில்.

கை மட்டும் ஆடியது. கையில் இரும்புக் கட்டி.

தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

மேலே அவர் குரல்: "அது அம்மாதான் பிள்ளை, நெளிவு எடுக்கிறா. கேக்குதோ? ஓமோம், ஓயமாட்டா."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மூன்றா நாலா என்று எண்ண அவருக்கு என்ன அவசியம்? தட்டத்தானே விட்டுவிட்டுப் போனவர். இது வேலையின் சத்தம். வீட்டில் ஒருவர் சந்தோஷமாக வேலை செய்கிற சத்தம்.

இடைவெளி விட்டுத் தட்டினாள். மூன்று. பொறுத்து, மூன்று. பொறுத்து, மூன்று. மேலே கேத்தில் கூவி அடங்கியது. "வைக்கிறன் பிள்ளை." கோப்பைகள். இரண்டு கோப்பை. படிக்கட்டின் உச்சியில் கதவு திறந்தது.

"மக்டலின்! தேத்தண்ணி!"

வாயைத் திறந்தாள். காற்று இல்லை.

"வாறன்," என்றாள் மக்டலின்.

அவள் அல்ல. குரல் காலடிப் பக்கமிருந்து வந்தது. பிறகு அதே குரல், இன்னும் கிட்ட, தகட்டுக்கு வெளியே: "வாறனப்பா. கை கழுவிப்போட்டு வாறன்."

ஒரு விரல் வெளிச்சத்தில் ஏதோ கடந்தது. கம்பளிக் காலுறை. குதிக்காலில் கிழிந்த இடம் சிவப்பு நூலால் தைத்திருந்தது. போன ஞாயிறு அவள் தைத்தது. தன் கால்விரல்களை அசைத்துப் பார்த்தாள். காலுறை காலில்தான் இருந்தது.

படி ஏறியது. ஒவ்வொரு படியாக. நாலாவது படி கிறீச்சிட்டது. அவள் ஏறும்போது கிறீச்சிடுவதுபோலவே.

கதிரை இழுபட்டது.

"களைச்சுப் போனீர் என்ன?" அவர் குரலில் அன்பு இருந்தது. பதினாலு மாதம் அவள் காத்திருந்த அன்பு. "முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு. குடியும்."

"சீனி போடேல்லையோ?"

மேலே அவருடைய கோப்பை மேசையில் வைபட்டது. ஒரு நொடி. இரண்டு நொடி.

அவளுக்குச் சலரோகம் என்று தெரிந்த நாளிலிருந்து பதினெட்டு வருடம் அவள் சீனி தொட்டதில்லை. சீனிப் போத்தலை அவள் கண்ணில் படாமல் மேல்தட்டில் வைத்தவரே அவர்தான். யோசியுங்கோ. மாதாவே, யோசிக்கட்டும்.

"சீனியோ?" என்றார் அவர்.

இப்போது. கட்டியை இரண்டு கையாலும் பிடித்தாள். நெஞ்சில் மிஞ்சியிருந்த மூச்சையெல்லாம் அதில் போட்டாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

"மக்டலின்." அவருடைய கதிரை பின்னுக்குப் போனது. "கீழ தட்டுது. மூண்டு தரம்."

ஓம். ஓமப்பா. ஓம்.

"ஆர் தட்டுறது?" என்றது அவளுடைய குரல், சிரிப்போடு. "நான் இஞ்ச இருக்கிறனே."

தரை மேல் ஒரு அடி வைத்தார். அவளுக்கு நேர்மேலே. நின்றார். அவர் மூச்சு விடுவதுகூட ஓட்டைவழியே கேட்டது.

"இருங்கோப்பா. தேத்தண்ணி ஆறுது."

நின்றார்.

பிறகு அலுமாரிக் கதவு திறந்தது. மேல்தட்டு. போத்தல் மூடி கழன்றது. "இண்டைக்கு ஒரு நாள்தான், சொல்லிப்போட்டன்," என்றார்.

கரண்டி கோப்பைக்குள் சுற்றியது. சுற்றிச் சுற்றிச் சுற்றியது. நின்றது. விளிம்பில் அதை இரண்டு தரம் தட்டுவது கேட்டது.

மக்டலினின் கை விழுந்து கிடந்தது. அவளுடைய காதுக்குப் பக்கத்தில், தகட்டின் உள்பக்கத்தில், யாரோ ஒரு தரம் தட்டினார்கள்.

சரி.