வாயில் வைத்த மோதிரம்

திங்கட்கிழமை காலை டீயின் மேல் கொழுப்பு மிதந்தது. கண்ணுக்குப் பட்டும் படாததுமாக ஒரு மெல்லிய ஏடு, ஜன்னல் வெளிச்சத்தில் நீலமும் மஞ்சளுமாக நெளிந்தது. பால் கெட்டிருக்கும் என்று டாரன் ஓக்ஸ்லி முதல் கோப்பையைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் புதுப் பாட்டிலைத் திறந்தான். இரண்டாவதிலும் அதே ஏடு. மூன்றாவதைப் பாலே விடாமல் போட்டு, உற்று உற்றுப் பார்த்து, சுத்தமாகத்தான் இருக்கிறது என்று நிச்சயம் செய்துகொண்டு ஒரு வாய் குடித்தான். கோப்பையைக் கீழே வைத்தபோது ஏடு வந்திருந்தது. அது டீயில் இல்லை, அவன் உதட்டில் இருந்தது.

விரலால் உதட்டைத் துடைத்து முகர்ந்தான். அடைத்த அறையில் அணைத்த மெழுகுவத்தி நாற்றம், அதற்கு அடியில் பல நாள் துவைக்காத கைப்பிடித் துணியின் நாற்றம். ஈறில் ரத்தம் வரும்வரை பல் தேய்த்தான். ரத்தமும் வழவழவென்றுதான் இருந்தது. எதனால் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததை நினைக்காமல் சனிக்கிழமை வரை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தான்.

சனிக்கிழமை அவன் மகள் ஐவி வருகிறாள். இரண்டு வருடம் கழித்து முதல் முறையாக இந்த வீட்டில் தங்கப் போகிறாள். டாரன் பட்டாளத்தில் இருந்தபோது ஆப்கானிஸ்தானத்துப் புழுதியில், எல்லோருக்கும் முன்னால் நடந்து கண்ணிவெடி தேடியவன். ஊர் திரும்பிய பிறகு அவனுக்கு வந்தது கத்தலோ கலாட்டாவோ இல்லை. வாய் மூடிக்கொண்டது. ஒரு தடவை பதினோரு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா ஏன் பேச மாட்டேங்கிறார் என்று ஐந்து வயதுக் குழந்தை அழுததைப் பார்த்துத்தான் அவன் மனைவி கெரி அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். கெரியைக் குற்றம் சொல்ல அவனுக்கு மனம் வந்ததில்லை.

அவனைப் பேச வைத்தது பெவ் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பெவ் பட்டாள ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். முன்னாள் சிப்பாய்கள் பத்துப் பன்னிரண்டு பேரைத் திரட்டி, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் அறுவடை முடிந்த வயல்களில் மெட்டல் டிடெக்டரைக் கையில் கொடுத்துப் பழைய காசு, பித்தான், கொக்கி தேட விடுவாள். பட்டாளத்தில் காதுக்குள் டிங் என்றால் உயிர் போகும். இங்கே டிங் என்றால் யாரோ ஒரு ராஜா காலத்துச் சில்லறை. இந்த ஒரு வித்தியாசத்தை உடம்புக்குப் புரிய வைக்க டாரனுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. புரிந்ததும் தூக்கம் வந்தது, பேச்சு வந்தது. ஐவியை அனுப்பக் கெரி கேட்டது ஒன்றே ஒன்றுதான், அவன் தேறிவிட்டான் என்று பெவ் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். வியாழக்கிழமை தருவதாகப் பெவ் சொல்லியிருந்தாள்.

கூட்டத்துக்குச் சட்டங்கள் உண்டு. ஏர் போகிற ஆழத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. தங்கம் கிடைத்தால் அங்கேயே கொடி நட்டுக் காட்ட வேண்டும். எலும்பு தெரிந்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பெவ்வைக் கூப்பிட வேண்டும், அவள் போலீசைக் கூப்பிடுவாள். குழியை மூடினால், தோண்டிய இடம் தோண்டியவனுக்கே தெரியக் கூடாது. சட்டத்தில் இல்லாத பழக்கம் ஒன்றும் எல்லோருக்கும் உண்டு. கிடைத்த சாமானில் மண் ஒட்டியிருந்தால் எச்சில் தொட்டுத் தேய்ப்பார்கள், போகாவிட்டால் வாயிலேயே போட்டு உருட்டுவார்கள். ஆட்டுப் புழுக்கை கிடக்கிற மண் அது. கண்ணில் பட்டால் பெவ் வைத்து வாங்குவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாரனின் டிடெக்டர் திரையில், மண்ணுக்குள் இருப்பது என்ன உலோகம் என்று காட்டும் எண், ஐம்பத்தெட்டு என்று விழுந்தது. ஆடாமல் அசையாமல் ஐம்பத்தெட்டு. ஓர் அடி தோண்டினான், நிறுத்தியிருக்க வேண்டும். ஒன்றரை அடியில் மோதிரம் வந்தது. மங்கின மஞ்சள். நடு ஓட்டையில் களிமண் போல வெள்ளையாக ஏதோ இறுக அடைத்திருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான், வரவில்லை. வாயில் போட்டுக்கொண்டான்.

களிமண் கரையாது. இது கரைந்தது. நாக்கின் சூட்டில் பன்றிக் கொழுப்பு மாதிரி இளகிப் பல்லிடுக்கெல்லாம் பரவியது. அப்போதுதான் குழிக்குள் சரியாகப் பார்த்தான். கீழே ஒரு கை விரிந்து கிடந்தது. சுட்டுவிரல் எலும்பு, நடுவிரல் எலும்பு, சுண்டுவிரல் எலும்பு எல்லாம் வரிசையாக. நடுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் ஒன்றுமே இல்லை.

"என்ன டாரன், ஏதாச்சும் மாட்டுச்சா?" பெவ் நாற்பது அடி தூரத்தில் வந்துகொண்டிருந்தாள்.

துப்பினால் மோதிரம். மோதிரத்தைக் காட்டினால் குழி, குழியைக் காட்டினால் பிணம், போலீஸ், வாக்குமூலம், கண்ணாடிக்கு மேலாக அவனையே கவனிக்கும் பெவ்வின் கண். ஒரு வாரம் எல்லாம் நின்றுவிடும். ஐவி வர மாட்டாள். டாரன் தலையை ஆட்டி, விழுங்கினான். அது இறங்க நேரம் எடுத்தது. தொண்டைச் சுவரைச் சுரண்டிக்கொண்டே போனது.

"வெறும் தகர மூடி," என்று சொல்லிக் காலாலேயே மண்ணைத் தள்ளினான். வேகத்தில் மூடினாலும் பழகின கால், ஒரு புல் பிசகாமல் மூடிவிட்டது.

மோதிரம் இயற்கையாக வெளியே வந்துவிடும், ரகசியமாக அதே இடத்தில் புதைத்துவிடலாம் என்பது அவன் கணக்கு. திங்களும் செவ்வாயும் கழிப்பறையில் ஒரு பழைய பிளாஸ்டிக் வாளி வைத்துக்கொண்டு, உள்ளதை டிடெக்டர் தட்டால் தடவிப் பார்த்தான். நாற்பது வயது ஆம்பிளை செய்கிற வேலையா இது என்று அவனுக்கே வாந்தி வந்தது. வாந்தியையும் தடவிப் பார்த்தான். சத்தமே இல்லை. செவ்வாய் மாலை நான்கு மணிக்கு, இருட்டுவதற்கு முன்னால், ஜிப் வைத்த பேன்ட்டையும் பெல்ட்டையும் கழற்றிப் போட்டுவிட்டுத் தோட்டத்தில் உள்ளாடையோடு நின்று, தட்டைத் தன் வயிற்றில் வைத்தான். பக்கத்து வீட்டு ஜன்னலில் திரை விலகி, பதறிக்கொண்டு மூடியது. தொப்புளுக்கு நேராக டிங் என்றது. ஐம்பத்தெட்டு.

புதன்கிழமை வயலுக்குப் போனான். ஞாயிறு தவிர மற்ற நாளில், விவசாயியைக் கேட்காமல் வயலில் கால் வைப்பது இந்தக் கூட்டத்தில் திருட்டுக்குச் சமம். ஆனாலும் போனான். குழியைத் திறந்து பார்க்க வேண்டும், அந்த மோதிர விரலின் எலும்பு எங்காவது ஓரமாகக் கிடக்கிறது என்று கண்ணால் கண்டுவிட வேண்டும். இடம் தெரியவில்லை. அவ்வளவு நன்றாக மூடியிருந்தான். தூறலில், டீசலும் அழுகிய முட்டைக்கோசும் நாறும் காற்றில், வரிசை வரிசையாக நடந்தான். ஐம்பத்தெட்டு விழுந்தது. தோண்டினான், வெறும் மண். மறுபடி ஐம்பத்தெட்டு, மறுபடி வெறும் மண். பதினோராவது குழியில்தான் புத்திக்கு எட்டியது. அவன் குனிகிறபோதுதான் டிங் என்றது. நிமிர்ந்தால் நின்றுவிட்டது. தட்டைத் தூக்கி வயிற்றில் வைத்தான், சத்தமில்லை. மேலே கொண்டுபோனான். நெஞ்சுக்குழியில் டிங்.

கீழே போக வேண்டியது மேலே ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டருக்குப் போன் செய்து, வரவேற்பில் இருந்த பெண் என்ன தொந்தரவு என்று கேட்டதும் வைத்துவிட்டான். எக்ஸ்ரே படம் எடுத்தால் மோதிரம் தெரியும். மோதிரம் மட்டும் தெரிந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

வியாழக்கிழமை தேவாலயக் கூடத்தில் கூட்டத்தார் டீ குடிக்கக் கூடுவார்கள். டாரன் புதினா மிட்டாய் ஒரு பொட்டலத்தையே மென்றுவிட்டுப் போனான். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்த ஹாட்ஜ், அவனோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவன், நாற்காலியைத் தள்ளிப் போட்டான்.

"டேய், வாய்க்குள்ள எலி ஏதும் செத்துக் கெடக்காடா?"

எல்லோரும் சிரித்தார்கள். டாரனும் பல்லைக் காட்டாமல் சிரித்தான். பெவ் மட்டும் சிரிக்காமல், தூக்கம் எப்படி, இல்லாத சத்தம் ஏதும் கேட்கிறதா, இல்லாத நாற்றம் ஏதும் வருகிறதா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். ஒவ்வொரு இல்லைக்கும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக மடங்கி நீண்டது. பெவ் கடிதத்தை உறையில் போட்டுக் கொடுத்தாள். அவன் கண் கலங்கியதைப் பார்த்து முதுகில் தட்டினாள். அவள் தட்டின இடத்துக்கு உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை அவன் ஐவியின் அறையைப் பெருக்கினான். படுக்கை விரித்தான். அவளுக்குப் பிடித்த மீன் துண்டுகளை வாங்கி ஃப்ரீஸரில் வைத்தான். எதைத் தொட்டாலும் பிசுக்கு. கதவுக் குமிழில், தலையணை உறையில், அவளுக்கென்று வாங்கிய நீலக் கோப்பையில். வெந்நீரும் சோடாவும் போட்டுக் கழுவினான். கையைத் துடைத்து, மறுபடி தொட்டான். பிசுக்கு. விழுங்கினால் வலித்தது. டிடெக்டர் தேவைப்படவில்லை, தொண்டையின் வெளிப்புறத்தில் கை வைத்தாலே வட்டமாகத் தட்டுப்பட்டது. வட்டத்துக்கு மேலே ஒரு கணு. அதற்கும் மேலே இன்னொரு கணு.

சாயங்காலம் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தான். நாக்கு வெள்ளையாகப் பூத்திருந்தது. உள்நாக்குக்குப் பின்னால் இருட்டு. இருட்டில் ஏதோ பளபளத்தது. எச்சிலாக இருக்கும். இல்லை. மஞ்சளாக, ஓரம் உடைந்து, மண் ஏறி.

நகம்.

வாயை மூடினான். மூடியே வைத்தான். சோறு தண்ணி இல்லை. மூக்கால் மூச்சு. மூச்சில் மெழுகு நாற்றம். நாளை ஒரு நாள். நாளை ஒரு நாள் மட்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. நல்ல வெயில். கெரி வாசற்படியில் நின்றாள், அவள் இடுப்புயரத்துக்கு ஐவி, முதுகில் பை, முன்பல் ஒன்று விழுந்த சிரிப்பு. அவன் கடிதத்தை நீட்டினான். கெரி அங்கேயே நின்று முழுதும் படித்தாள். படித்து முடித்தபோது அவள் முகம் இளகியிருந்தது. ரொம்ப வருடம் கழித்து அவனைப் பார்த்து அப்படிச் சிரித்தாள். ஐவியின் மதிய மருந்து, பல் விழுந்த இடத்தில் வலி, நாளை எத்தனை மணிக்குக் கூட்டிப் போவாள், எல்லாம் சொன்னாள். எல்லாவற்றுக்கும் டாரன் தலையாட்டினான்.

மூன்றாவது தலையாட்டலில் அவள் நிறுத்தினாள்.

"டாரன், நல்லாத்தான இருக்க?"

தலையாட்டினான்.

"தலைய ஆட்டாத. முன்னாடியும் இப்படித்தான் ஆட்டுன." அவள் கை ஐவியின் தோளுக்குப் போனது. "வாயத் தொறந்து நல்லாருக்கேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நான் கெளம்பிடறேன்."

நாக்கின் மேல் அது படுத்திருந்தது. கனமாக. ஈரமாக. அண்ணத்தை நகத்தால் தடவிக்கொண்டு.

"சொல்லுப்பா," என்றாள் ஐவி, கெஞ்சலாக. "அம்மா போட்டும்."

கெரியின் கை தோளில் இறுகியது. குழந்தையின் ஒரு கால் பின்னால் நகர்ந்தது. கடிதம் மடிந்தது. இன்னும் ஒரு நொடி, அவ்வளவுதான். டாரன் குனிந்தான், ஐவியின் முகத்துக்கு நேராக, கெரிக்குத் தெரியாதபடி தலையைச் சாய்த்து, உதட்டை ஒரு கீற்றளவு பிரித்தான், ஒரே வார்த்தைதான், சொல்லிவிட்டு மூடிவிடலாம்.

பல்வரிசையின் மேல் நகம் வந்து ஊன்றியது. பிறகு முதல் கணு. இரண்டாம் கணு, மெழுகு வெள்ளை, மண் வரிவரியாக. பிறகு மோதிரம், நன்றாகத் துலக்கினது போல மின்னிக்கொண்டு.

ஐவி கத்தவில்லை. வாய் பிளந்து பார்த்தாள். விரல் அவளைப் பார்த்து மெதுவாக மடங்கியது, நிமிர்ந்தது, மறுபடி மடங்கியது. பெரியவர்கள் குழந்தைகளைக் கிட்டே கூப்பிடுவது போல.

அவள் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.