குளிர் விடுமுறை

திங்கட்கிழமை காலை, மதிய உணவுக்குத் தாளிக்கப் போன ஒச்சம்மா தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தபடி ஆபீஸ் அறைக்கு வந்தாள். எண்ணெய் ஒரு சொட்டும் விழவில்லை. வெள்ளை மெழுகாக இறுகி, பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"டீச்சர், யாரும் இத ஃபிரிட்ஜ்ல வச்சாங்களா?"

"நம்ம ஸ்கூல்ல ஃபிரிட்ஜ் ஏது ஒச்சம்மா?" என்றாள் வைஜெயந்தி.

"அதான் கேக்குறேன்" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

வைஜெயந்தி பிறந்தது அந்தமான் தீவுகளில் ஒன்றான இந்த ஹட் பேயில்தான். நாற்பத்தெட்டு வயதாகிறது, ஒரு நாளும் ஸ்வெட்டர் போட்டதில்லை. ஜனவரியிலும் கழுத்து வியர்க்கிற ஊர் அது. கைவிடப்பட்ட எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட மூன்று அறைகள்தான் பள்ளி. முப்பத்தொரு பிள்ளைகள். பொறுப்புத் தலைமையாசிரியை அவள். அவளைத் தவிர வாத்தியார் என்று இருப்பவர் சிவபிரகாஷ் ஒருவர்தான்.

பாட்டில் இருந்த கடைசி அறைக்குப் போய்ப் பார்த்தாள். வாசலைத் தாண்டியதும், ஈரத்துணியைப் போர்த்திவிட்டது போலக் குளிர் தோளில் இறங்கியது. மீன் பெட்டியில் போடுகிற ஐஸின் வாசனை அடித்தது, ஆனால் அதில் மீன் நாற்றம் துளியும் இல்லை. வெயில் ஏற ஏற மற்ற இரண்டு அறைகளின் கூரைத் தகரம் டக், டக்கென்று விரிந்து ஓசை எழுப்பிக்கொண்டிருக்க, இந்த அறைக்கு மேல் மட்டும் விடியாதது போல ஒரு சத்தமும் இல்லை. வெளியே வந்து ஐந்து அடி நடந்ததும் வெயில் சுட்டது.

செவ்வாய்க்கிழமை குளிர் மூன்று அறைகளிலும் இருந்தது.

பிள்ளைகள் முதலில் அதை விளையாட்டாக்கினார்கள். வாயிலிருந்து வெள்ளைப் புகை வந்ததும் விரலிடுக்கில் பீடி வைத்திருப்பது போல ஊதிக் காட்டிச் சிரித்தார்கள். சிவபிரகாஷ் எல்லோரையும் பாதாம் மரத்தடிக்கு, வெயிலுக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். கால் மணி நேரம்கூட இருக்காது. ஒன்று தண்ணீர் குடிக்க என்று எழுந்தது, இன்னொன்று பென்சில் எடுக்க என்று எழுந்தது; போனவர்கள் திரும்பவில்லை. வைஜெயந்தி எட்டிப் பார்த்தபோது முப்பத்தொரு பேரும் உள்ளே, அவரவர் இடத்தில், கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"வெளிய வாங்கடா, வெயில் அடிக்குது."

"இங்கதான் டீச்சர் நல்லாருக்கு" என்றாள் இரண்டாம் வகுப்பு கார்த்திகா. அவள் உதடு நாவல்பழம் தின்றது போல நீலமாக இருந்தது. அவள் நடுங்கவில்லை. யாருமே நடுங்கவில்லை.

போர்ட் பிளேருக்கு போன் போட்டாள். கல்வி அதிகாரி ஹரிஹரன் பொறுமையாகத்தான் கேட்டார்.

"மேடம், டில்லியில மூணு டிகிரி. அங்க ஸ்கூலுக்கு லீவு விட்டாங்க, நியாயம். ஹட் பேல இன்னிக்கு முப்பது டிகிரி. குளிருக்கு லீவுன்னு நான் ஃபைல்ல எழுதினா, என்னைத்தான் பாகல், பைத்தியம்னு சொல்வாங்க."

"சார், பிள்ளைங்க உதடெல்லாம்..."

"மழைன்னா சொல்லுங்க, புயல்னா சொல்லுங்க. லீவு விடலாம். குளிர்னு மட்டும் சொல்லாதீங்க."

"மூடிடலாம் மேடம். பின்னால பாத்துக்கலாம்" என்றார் அருகில் நின்ற சிவபிரகாஷ். அவள் யோசித்தாள். உத்தரவு இல்லாமல் மூடினால் விளக்கம் கேட்பார்கள். ஓய்வுக்கு இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. மணி அடிக்கும்வரை இருக்கட்டும் என்றாள்.

இரண்டு மணிக்குக் கார்த்திகா பெஞ்சிலிருந்து சரிந்தாள்.

தூக்கியபோது எடையே தெரியவில்லை, குளிர்தான் கனத்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா தெர்மாமீட்டரை இரண்டு முறை உதறி வைத்துப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். வெந்நீர்ப் பைகள் வைத்தார்கள், போர்வைமேல் போர்வை போட்டார்கள். ஐந்து மணிக்குப் பிள்ளை கண் திறந்து டீ கேட்டது. வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார் டாக்டர்.

கார்த்திகாவின் அம்மா ஜெயராணி வைஜெயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க தூக்கிட்டு ஓடியாந்தீங்க டீச்சர். இல்லன்னா என்னா ஆயிருக்கும்?" காலையிலேயே மூடியிருந்தால் தூக்கிக்கொண்டு ஓடவே வேண்டியிருக்காது என்று வைஜெயந்தியால் சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் அதிகாரியைக் கேட்காமலே, பெற்றோர் வாட்ஸப் குழுவில் எழுதினாள்: 'குளிர் காரணமாக நாளை முதல் பள்ளி விடுமுறை. பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருக்கவும்.' ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, விடுமுறை அறிவிப்பை வாசலில் ஒட்டப் போனாள். நல்ல வெயில். பனைகளுக்கு நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது முதுகில் வியர்வை வழிந்தது. கேட்டருகே வந்ததும் வியர்வை அப்படியே குளிர்ந்தது. தகரங்கள் மூன்றும் மௌனமாக இருந்தன. கதவின் பூட்டு திறந்து கொக்கியில் தொங்கியது. ஒச்சம்மா வந்திருப்பாள் என்று நினைத்தாள்.

உள்ளேயிருந்து வாய்ப்பாடு கேட்டது.

ஈரிரண்டு நாலு. ஈர்மூன்று ஆறு. ஒரே சுருதியில் பல குரல்கள்.

கோபம்தான் முதலில் வந்தது. அவ்வளவு சொல்லியும் அனுப்பி வைத்திருக்கிறார்களே. செருப்பைக் கழற்றாமலே கடைசி அறைக்குள் நுழைந்தாள். மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சீருடை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கட்டிய கை. யாரும் திரும்பவில்லை. எல்லோரும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

வாசலோர பெஞ்சில் அவள்.

"கார்த்திகா! நீ ஏன்மா வந்தே? நேத்துத்தானே..."

வாய்ப்பாடு நின்றது.

சிறுமி எழுந்தாள். "உள்ளேன் டீச்சர்."

கைப்பையில் போன் அடித்தது. 'கார்த்திகா அம்மா' என்று திரையில் வந்தது.

"டீச்சர்..." ஜெயராணிக்கு மூச்சு வாங்கியது. "புள்ள கஞ்சி குடிச்சிக்கிட்டு இருந்துச்சி டீச்சர், என் மடியிலதான். இப்ப, இந்த நிமிசம், கண்ணு சொருகிருச்சி. கூப்புட்டா கேக்க மாட்டேங்குது. உடம்பு ஐஸா இருக்கு டீச்சர்."

"எங்க... எங்க இருக்கா கார்த்திகா?"

"என் மடியில டீச்சர்! மடியிலதான்!"

வைஜெயந்தி நிமிர்ந்தாள். எதிரே நின்ற சிறுமியின் உதட்டில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

போன் கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. ஜெயராணியின் குரல் அலறலாகி, அறுந்துபோனது.

போய்விட வேண்டும். ஒரு பெயரையும் சொல்லக் கூடாது. நினைக்கவும் கூடாது. பின்னால் ஒரு அடி வைத்தாள். கால் நகர்ந்ததா, தெரியவில்லை. பாதம் மரத்திருந்தது.

இரண்டாவதாக ஒரு பையன் எழுந்தான்.

அவள் கூப்பிடவில்லை. வாயையே திறக்கவில்லை.

"சொல்லாதடா" என்றாள். குரல் வெளியே வரவில்லை. "கண்ணு, சொல்லாத."

அவன் தெளிவாக, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான்.

"சந்திரமோகன். உள்ளேன் டீச்சர்."

மேசையில் போன் அதிர்ந்தது. 'சந்திரமோகன் அம்மா.' அடித்துக்கொண்டே, பனி படிந்த பலகைமேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

மூன்றாவது பெஞ்சில் உமா மகேஸ்வரி எழுந்தாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் இருபத்தெட்டு பிள்ளைகள், ஒருவரை ஒருவர் இடிக்காமல், தங்கள் முறைக்காக வரிசையில் வந்து நின்றார்கள்.

உமா மகேஸ்வரி வாயைத் திறந்தாள்.