ஒரே ஒரு மகிழ்ச்சியான வாடிக்கையாளர்

போன் அடித்தது.

கடையில் இருந்த இரண்டு பேரும் திடுக்கிட்டார்கள்.

எட்டு மாதமாக அடிக்காத போன்! எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. கடைசியில் மூன்றாவது அட்டைப்பெட்டிக்குப் பின்னால், தூசிக்கு அடியில், உயிரோடு கண்டெடுக்கப்பட்டது.

"எடுடா மச்சான்."

"நீங்க எடுங்க மாமா. நீங்கதானே சேர்மன்!"

சேர்மன்!

கேஸில் எரிகிற வெந்நீர் கீசர் விற்று, பொருத்தி, ரிப்பேர் பார்க்கிற பத்துக்குப் பதினைந்து கடைக்குச் சேர்மன். போன வருஷம் வெப்சைட் தொடங்கிய அன்று தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பட்டம். தெருவில் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். அவர் அதை மரியாதைக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். மனைவியின் தம்பியான மச்சானுக்குத் 'தொழில்நுட்ப இயக்குநர்' பதவி. அதாவது, ஸ்பேனர் பிடிக்கிற வேலை. இந்த இரண்டு பேரைத் தாண்டிக் கம்பெனியில் ஊழியர் என்று பார்த்தால் ஒரு மேஜை விசிறி.

சேர்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ... சேர்மன் ஸ்பீக்கிங்."

"இன்ஸ்பெக்டர் பேசறேன்." கறாரான பெண் குரல். "ஏன்யா, உங்க நம்பரைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள ஒரு கொலைகாரனையே கண்டுபிடிச்சிருப்பேன்!"

"அது... எதுவா இருந்தாலும் எங்க வெப்சைட்ல 'தொடர்புக்கு'னு ஒரு பக்கம் இருக்கு மேடம். அதுல எழுதிப் போட்டீங்கன்னா..."

"யோவ்! நீங்க மாட்டின கீசர், நேத்து காலையில ஒரு பொம்பளையைக் கொன்னுடுச்சு. கடையை விட்டு நகராதீங்க!"

போன் வைக்கப்பட்டது.

சேர்மன் போனை மறுபடியும் அட்டைப்பெட்டிக்குப் பின்னாலேயே ஒளித்து வைத்தார்.

*

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கினாள். பின்னால் ஒரு கான்ஸ்டபிள். அவனுக்கும் பின்னால், வீங்கிய கண்களுடன், மூன்று நாள் தாடியுடன் ஒரு ஆள்.

சேர்மனுக்கு அந்த முகம் தெரிந்தது. தெரியாமல் என்ன? தினமும் பார்க்கிற முகம்!

சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் கடையின் வெப்சைட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கழுகு சிறகு விரித்துப் பறந்தது. அருவி கொட்டியது. கோட்டு சூட்டுக்குள் திணிக்கப்பட்ட சேர்மன் கைகட்டிக்கொண்டு தொடுவானத்தைப் பார்த்தார். அடுத்து... 'எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு போட்டோ. கீசர் பெட்டியைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற அதே ஆள்!

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தாள். அழுகிற முகத்தைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"செத்தது இவரோட சம்சாரம். குளியலறையில. புகை வெளிய போற குழாய்க்குள்ள துணி அடைச்சிருக்கு. ஃபேக்டரியில வச்ச பேக்கிங் துணி. மாட்டும்போது எடுக்கணுமா, வேண்டாமா?"

"எடுத்தேன் மேடம்!" மச்சான் அலறினான். "சத்தியமா எடுத்தேன்! எடுத்து அவங்க வீட்டுக் குப்பைக்கூடையிலதான் போட்டேன்!"

"குப்பைக்கூடையில இருந்த துணி தானா எந்திரிச்சு ஏணி ஏறிக் குழாய்க்குள்ள போச்சாக்கும்?"



கணவன் விம்மினான். "மூணு தடவை எழுதினேன் மேடம். கீசர் போட்டா தலைவலி வருது, மூச்சு முட்டுது, ஆள் அனுப்புங்கன்னு. ஒவ்வொரு தடவையும் இதான் வந்துச்சு."

அவன் ஏற்கெனவே ஒப்படைத்திருந்த செல்போனை இன்ஸ்பெக்டர் நீட்டினாள். திரையில் பூக்கள் தூவ, பொன்னிற எழுத்துகள்.

'நன்றி! வாடிக்கையாளரின் குரலே எங்கள் உயிர்மூச்சு. இருபத்துநாலு மணி நேரத்தில் பதில் நிச்சயம்!'

சேர்மனே சொல்லிச் சொல்லி எழுத வைத்த வாசகம்.

"பதில் வந்துச்சா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"வரலை மேடம். அவங்க உயிர்மூச்சு அங்கேயே இருக்கு... என் சம்சாரத்தோட மூச்சுதான் போயிடுச்சு."

இன்ஸ்பெக்டர் அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். அழுகிறவன் வாயில் இவ்வளவு பதமாக வெந்த வசனமா?

ஆனால் சேர்மன் பக்கம்தான் திரும்பினாள்.

"கவனக்குறைவால் மரணம். ரெண்டு பேரும் உள்ள போவீங்க. கடைக்குப் பூட்டு. என்ன சொல்றீங்க?"

பத்துக்குப் பதினைந்து ராஜ்ஜியம் சேர்மனின் கண் முன்னால் சுழன்றது. இருபது வருஷக் கடை! வாய் குழறியது. ஆனாலும், பழியைத் தூக்கி அடுத்தவர் தலையில் வைக்கிற வித்தை மட்டும் குழறவில்லை.

"அந்த மெசேஜ் எதுவும் எங்களுக்கு வரவே இல்லை மேடம்! எல்லாம் வெப்சைட் செஞ்ச அந்த டிசைனர் பொண்ணு பண்ணின கோளாறு. அரைகுறை! அவளைத் தூக்கி உள்ள போடுங்க!"

"கூப்பிடுங்க அந்த அரைகுறையை."

*

டிசைனர் அரை மணியில் வந்தாள். நாற்பது வயது. ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் லேப்டாப். அவள் கேட்டதெல்லாம் ஒரு நாற்காலி. உட்கார்ந்ததும், பையிலிருந்து கசங்கிய ஒரு தாளை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் எல்லார்கிட்டயும் மூணு கேள்வி கேட்பேன் மேடம். பதிலை அவங்க கையாலேயே எழுதி வாங்கிக்குவேன். இது சார் எழுதினது."

இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தாள்.

"'உங்க கடைக்கு வர்றவங்க யாரு?'... 'உலகமே!'"

கான்ஸ்டபிள் இருமினான்.

"'அவங்க எதைத் தேடி வருவாங்க?'... 'என்னை!'"

கான்ஸ்டபிள் மறுபடியும் இருமினான்.

"'எழுதிப் போட்டா யார் படிச்சுப் பதில் சொல்வாங்க?'... 'அப்புறம் பார்த்துக்கலாம்.'" இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தாள். "அப்புறம்னா எப்போ சார்?"

சேர்மன் மேஜை விசிறியைப் பார்த்தார். அதுகூடத் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"முகப்புலயே போன் நம்பரைக் கொட்டை எழுத்துல போடலாம்னேன்," என்றாள் டிசைனர். "'கழுகு பறக்கற இடத்துல நம்பரா? கண்டவனும் கூப்பிடுவான். பெரிய கம்பெனி எதுவும் போன் எடுக்காது'ன்னார். நம்பரைத் தூக்கச் சொன்னார். உத்தரவாத அட்டையிலகூட எடுத்துட்டு, வெப்சைட் விலாசத்தை மட்டும் அச்சடிச்சார். எழுதறவங்களுக்காகத் தனியா ஒரு மெயில் திறந்து, பாஸ்வேர்டை இவர் மச்சான்கிட்ட குடுத்தேன்."

எல்லாத் தலைகளும் மச்சான் பக்கம் திரும்பின.

"பத்திரமா எழுதி வச்சேன் மேடம்," என்றான் மச்சான் பரிதாபமாக. "ஒரு கீசர் பெட்டி மேல."

"அந்தப் பெட்டி எங்க?"

"வித்துப் போச்சு."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடித் திறந்தாள். "உங்ககிட்ட பாஸ்வேர்ட் இருக்காம்மா?"

"இருக்கு மேடம். ஆனா கடைக்காரங்க மெயிலை நான் பிரிச்சுப் படிக்கக் கூடாது. படிக்கறீங்களான்னு எட்டுத் தடவை கேட்டேன். 'ஆள் போட்டிருக்கோம்'னார்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒன்பதாவது தடவையும் கேட்டிருக்கணும்."

லேப்டாப்பில் தட்டினாள்.

படிக்கப்படாத கடிதங்கள்... நாற்பத்து மூன்று!

"இதோ... இருபதாம் தேதி. இருபத்து மூணு. இருபத்தாறு. இவர் சொன்ன மூணும் இருக்கு."

சேர்மன் மனசுக்குள் கடையைப் பூட்டிவிட்டார். அவ்வளவுதான். கம்பி!

கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான்தான் சொன்னேனே மேடம்."

"இருங்க," என்றாள் டிசைனர். "இவர் மெயில்லேர்ந்து இன்னொண்ணும் வந்திருக்கு. அதே மாசம் ஒன்பதாம் தேதி."

"என்ன எழுதியிருக்கார்?"

"ஒரே வரி. 'வணக்கம். இந்தப் பக்கத்தை யாராவது படிக்கிறீர்களா?'"

டிவியில் கழுகு பறந்துகொண்டிருந்தது.

"கீசர் என்னைக்கு வாங்கினார்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

சேர்மனுக்கு அந்தத் தேதி மறக்குமா! வெப்சைட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு அந்தக் கடைக்குள் நுழைந்த முதல் ஆள். ஒரே ஆள்! சந்தோஷத்தில் அவனைப் பிடித்து நிறுத்திப் போட்டோ எடுத்த நாள்.

"பதினாலாம் தேதி மேடம்! உத்தரவாத அட்டையில என் கையெழுத்தே இருக்கும்!"

இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கணவன் பக்கம் நகர்ந்தாள். "வாங்கறதுக்கு அஞ்சு நாள் முன்னாடியே விசாரணை?"

"ஒரு பொருள் வாங்கறதுக்கு முன்னாடி சர்வீஸ் எப்படின்னு பார்க்க மாட்டோமா மேடம்?"

"பார்க்கலாம். பார்க்கணும். பதில் வந்துச்சா?"

"...வரலை."

"பதிலே வராத கடையில எதுக்கு வந்து வாங்கினீங்க?"

அவன் நெற்றியில் ஒரு முத்து வேர்வை முளைத்தது.

இன்ஸ்பெக்டர் அவன் செல்போனை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். நின்றாள்.

"அட! ஒன்பதாம் தேதி இதே கேள்வியை ஏழு கடைக்குக் கேட்டிருக்கீங்க. ஆறு பேர் பதில் போட்டிருக்காங்க. 'ஆமாம் சார், சொல்லுங்க சார்'னு. ஒருத்தர் அரை மணி நேரத்துலயே போட்டிருக்கார். அந்த ஆறையும் விட்டுட்டு..." அவள் குரல் கத்தியாயிற்று. "உங்களுக்கு நல்ல கடை தேவைப்படலை. செத்த கடை தேவைப்பட்டுது. எத்தனை தடவை கத்தினாலும் காது கேட்காத கடை! பழியைச் சுமக்க ஒரு இளிச்சவாயன்!"

இளிச்சவாயன் என்றதும் சேர்மன் அனிச்சையாகக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"இதெல்லாம் கற்பனை!" கணவன் சீறினான். அழுகை போன இடம் தெரியவில்லை. "பதில் போடாத கடையில வாங்கக் கூடாதுன்னு சட்டமா? துணி வச்சதை யார் பார்த்தா?"

"மேடம்..."

டிசைனரின் முகம் வெளுத்திருந்தது.

"இன்னொரு கடிதம் இருக்கு. இருபத்தேழாம் தேதி. வேற மெயில். ஆனா அதே வீட்டு விலாசம்."

"படிம்மா."

அவள் படித்தாள்.

"'ஐயா, உங்கள் போன் நம்பரைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இத்தனை நாள் கீசர் நன்றாகத்தான் இருந்தது. நேற்று என் வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறிப் புகைக்குழாயில் ஏதோ செய்தார். இன்று குளிக்கும்போது தலை சுற்றியது. கேட்டால், கடைக்காரர் சொல்லித்தான் செய்தேன் என்கிறார். நீங்கள் சொன்னீர்களா? ஆமாம், இல்லை என்று ஒரு வரி பதில் போதும்.'"



"அதுக்குக் கீழ, 'நன்றி, வாடிக்கையாளரின் குரலே'னு..." டிசைனர் முடிக்கவில்லை. லேப்டாப்பை மூடினாள்.

இருபத்தேழாம் தேதி எழுதியிருக்கிறாள். இருபத்தொன்பதாம் தேதி காலையில் செத்திருக்கிறாள். நடுவில் முழுசாக ஒரு நாள் காத்திருந்திருக்கிறாள். கடைக்காரர் பதில் போடுவார் என்று நம்பி.

கணவன் பாய்ந்தான்! வாசலுக்கு!

கண்ணாடிக் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. இன்னும் வேகமாகத் தள்ளினான். அது இழுக்க வேண்டிய கதவு. அதைச் சொல்லும் அட்டையைக்கூடச் சேர்மன் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வெப்சைட் விலாசத்தை ஒட்டியிருந்தார். கான்ஸ்டபிள் அவசரமே இல்லாமல் நடந்து போய் விலங்கை மாட்டினான்.

டிவியில் கழுகு போய், அருவி போய், கோட்டு சூட்டு போய், மறுபடியும் மகிழ்ச்சியான வாடிக்கையாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

சேர்மன் மூடிய லேப்டாப்பைப் பார்த்தார். ஒரு வரி. ஆமாம், இல்லை. அவ்வளவுதானே கேட்டிருக்கிறாள்? வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு வார்த்தை வரவில்லை.

முழுசாகப் பத்து விநாடி வரவில்லை.

பிறகு வந்துவிட்டது.

"ஏம்மா... அந்தப் போட்டோவை உடனே எடுத்துடும்மா. கம்பெனி பேரு என்னாகறது?"

"எடுத்துடறேன் சார்," என்றாள் டிசைனர். "ஆனா அந்தப் பக்கமே காலியாயிடும். உங்க வெப்சைட்டைப் பார்த்துக் கடைக்கு வந்தது அவன் ஒருத்தன்தான். எழுதிக் கேட்டவங்கள்ல, பதில் வரும்னு கடைசி வரைக்கும் நம்பினது அந்தம்மா ஒருத்திதான்."

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

சேர்மன் ஜீப் வரைக்கும் ஓடினார்.

"மேடம்... அப்ப நம்ம மேல கேஸ் எதுவும் இல்லையே?"

இன்ஸ்பெக்டர் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். குழாயில் அடைத்திருந்த துணியைப் பார்த்த அதே பார்வை.

"பதில் போடாததுக்குச் சட்டத்துல பிரிவு இல்லை. தப்பிச்சீங்க. சாட்சி சொல்ல மட்டும் ஸ்டேஷனுக்கு வரணும்."

"கண்டிப்பா மேடம்! எப்ப வரணும்னு ஒரு போன் பண்ணுங்க, ஓடி வந்துடறேன்!"

ஜீப் உறுமிக் கிளம்பியது. இன்ஸ்பெக்டர் தலையை வெளியே நீட்டினாள்.

"போன் எதுக்கு சேர்மன்? உங்க வெப்சைட்லயே எழுதிப் போடறேன்... ஒரு வரி பதில் போதும்!"