அரை நொடிக்கு மேற்பட்ட மௌனம்

“அம்மா, வேலையை விட்டா பின்னாடி வருத்தப்படுவேனா?” என்று தர்ஷினி கேட்டாள்.

“ஒரு வருத்தமும் வராது கண்ணு,” என்றாள் ஹேமலதா. கேள்வி முடிந்த அதே கணத்தில்.

ஹேமலதா இறந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. கூடத்துச் சுவரோரம் நின்றது அவளுடைய நிழலி. ஒன்பது வருடங்கள் கழுத்தில் அணிந்திருந்த உயிர்ப்பதிவியிலிருந்து ஏற்றுமதி செய்த உருவம், குரல், பேச்சு. திருப்பூரில் அநேகமாக எல்லா வீட்டுச் சுவரோரமும் இப்படி யாராவது நின்றார்கள். அவர்களைக் கேட்காமல் யாரும் பெரிய முடிவு எடுப்பதில்லை.

“பாத்தீங்களாப்பா, அம்மா யோசிக்கவே இல்லை. மனசுல ஒண்ணு வெச்சுட்டு வாயில ஒண்ணு பேசறவங்கதான் இழுப்பாங்க. உங்க மாப்பிள்ளை மாதிரி.”

ஞானவேல் சிரிக்கவில்லை.

அவன் கல்யாணப் படங்களைத் தொகுப்பவன். ஹேமலதா போன மூன்றாம் நாள் நிழலி செய்யக் கணினியில் ஏற்றுமதிப் பலகையைத் திறந்தபோது கை பழக்கத்தில் ஓடியது. படத்துக்கு நொடிக்கு அறுபது சட்டகம். ஒலிக்கு உச்சத் தரம். பின்னணி இரைச்சலை நீக்கு. அரை நொடிக்கு மேற்பட்ட மௌனத்தை நீக்கு. மைக்கைப் பிடித்துக்கொண்டு வார்த்தை தேடும் பெரியப்பாக்களுக்காகப் பத்து வருடங்களாக அவன் போட்டுவந்த டிக் அது. ஹேமலதாவுக்கும் போட்டுவிட்டான்.

அது பிழை. பிழையோடு நின்றிருந்தால் அவன் தன்னை மன்னித்திருப்பான்.

ஒன்பதாம் நாள் நிழலியிடம் கேட்டான். “உன்னோட நீச்சல் கோச் வேலையை நான் விடச் சொன்னது தப்பா ஹேமா?”

“இல்லீங்க,” என்றது உடனே.

உயிரோடு இருந்தபோதும் அவள் அதே வார்த்தையைத்தான் சொல்வாள். ஆனால் அதற்கு முன் துணி மடிக்கும் கை நின்றுவிடும். நாலு நொடி, ஐந்து நொடி. அவளுடைய பதில் அந்த நொடிகளில் இருந்தது. ‘இல்லீங்க’ என்பது அவனுக்காகச் சொன்னது.

மூலப்பதிவு பதினாறாம் நாள்வரை இருக்கும், பிறகு அழிந்துவிடும். இன்னும் ஏழு நாள் இருந்தது. ஒரு டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்ய ஒரு மணி நேரம் போதும். அவன் பலகையைத் திறக்கவேயில்லை. அவள் வேலையை விட்ட ஆறு வருடங்களில், அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவன் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான் முதல்முறை.

அப்போது தர்ஷினிக்கு ஆறு வயது. அவளுக்கு அம்மா என்றால் சுவரோரம் நிற்பவள்தான்.

இப்போது அவள் காற்றாலைப் பொறியாளர். மடியில் நாலு மாதப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது.

“நீங்களும் சொல்லிருங்கப்பா. வேலையை விட்டதுக்கு அம்மா ஒரு நாளாவது வருத்தப்பட்டாங்களா?”

ஞானவேல் வாயைத் திறந்தான். ஆமாம் என்றால் போதும், கடிதம் போகாது. ஆனால் அடுத்த கேள்வி வரும். அப்புறம் ஏன் அம்மா இப்படிச் சொல்கிறாள்? தெரிந்தும் ஏன் மாற்றவில்லை? மூன்று நொடி போயிற்று. நாலு. அவன் மகளையே பார்த்தான். ஐந்து. ஹேமலதாவோடு ஒரு வாரம் இருந்தவர்கள்கூட அவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

“ஏனுங்கப்பா, காது கேக்கலையா?” என்றாள் தர்ஷினி.

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டில் அவள் கேட்டு வளர்ந்தது பதில்களை மட்டும்தான்.

“கேட்டுச்சு கண்ணு,” என்றான். “அதெல்லாம் வருத்தப்படலை.”

“அப்பச் சரி.” விரல் திரையைத் தொட்டது. கடிதம் போய்விட்டது.

அவன் கழுத்தில் உயிர்ப்பதிவியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த ஐந்து நொடிகளும் அதில் பதிவாகியிருக்கும். அவனுடைய முறை வரும்போது ‘முந்தைய அமைப்பையே பயன்படுத்தவா?’ என்று பலகை கேட்கும். ஆம் என்பாள் தர்ஷினி. அம்மாவுக்கு அது அவ்வளவு நன்றாக வந்திருக்கிறதே.

மடியில் தூங்கும் குழந்தையும் ஒரு நாள் இதே கேள்வியோடு அந்தச் சுவரோரம் வந்து நிற்கும். ஞானவேல் யோசிக்காமல் பதில் சொல்வான்.