அறுபது நாள் ஆர்லோ

டிரிங்... டிரிங்... டிரிங்...

காலை ஒன்பது பத்து.

மர்ரே டான்செல் ரிசீவரை எடுத்தான். ஏரிக்கரை ஊரின் ஒரே பழைய கார் விற்பனைக் கம்பெனி அவனுடையது. முதலாளி, மேனேஜர் எல்லாம் அவனே!

"டான்செல் மோட்டார்ஸ்! சொல்லுங்க!"

"கார் விற்பனையாளர் உரிம வாரியத்துலேர்ந்து ஜோலீன் பேசறேன். உங்ககிட்ட வேலை பாக்கற ஆர்லோ பெல்கி விஷயமா..."

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த டோனட் பாதி வழியில் நின்றது.

"ஆல்பர்ட்டாவிலேர்ந்து வந்தவர். அந்த மாகாணத்து லைசென்ஸை நம்ம பிரிட்டிஷ் கொலம்பியாவுல அறுபது நாளைக்குத் தற்காலிகமா அங்கீகரிச்சிருந்தோம். வெள்ளிக்கிழமையோட முடியுது."

"முடியட்டுமே!"

"எப்படி முடியும்? இன்னும் அறுபது நாள் நீட்டிக்கச் சொல்லி மனு கொடுத்திருக்காரே!"

"யா... யாரு?"

"ஆர்லோ பெல்கிதான். மனு என் மேஜையில இருக்கு. அவர் கையெழுத்துப் போட்டுட்டார். உங்க கையெழுத்துதான் பாக்கி!"

ரிசீவர் மர்ரேயின் கையில் வழுக்கியது.

ஆர்லோ பெல்கி மனு போட முடியாது. அவனால் ஒரு பேனாவைக்கூடத் தூக்க முடியாது.

முப்பத்தெட்டு நாட்களாக அவன் ஏரிக்கு அடியில் கிடக்கிறான்!

தள்ளிவிட்டது... சாட்சாத் மர்ரே டான்செல்!

"அப்புறம் கூப்பிடறேன்" என்று போனை வைத்தான். டோனட் குப்பைக்கூடைக்குப் போனது.

ஆர்லோ நல்ல பையன். அதுதான் அவனுக்கு வினையாகிவிட்டது. யார்டில் நின்ற மூன்று பிக்கப் வண்டிகளின் மீட்டரில் மர்ரே கிலோமீட்டரைக் குறைத்திருந்ததை, வந்த மூன்றாவது வாரமே கண்டுபிடித்தான். கண்டுபிடித்தவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம் அல்லவா? நேராக மர்ரேயிடமே வந்து, "நீங்களே வாரியத்துல சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லும்படியா ஆயிடும்" என்றான்.

மறுநாள் மதியம், பிரேக் பார்க்கலாம் வா என்று ஒரு வண்டியில் அவனைப் பழைய படகுத்துறைக்கு அழைத்துப்போனான் மர்ரே. திரும்பி வந்தபோது வண்டியில் ஒரே ஆள்!

"எங்க அந்த ஆல்பர்ட்டாக்காரன்?" என்று கேட்ட மெக்கானிக்கிடம், "ஊர் பிடிக்கலையாம். சொல்லாம கொள்ளாம ஓடிட்டான்" என்றான். மெக்கானிக் நம்பினான். ஊரும் நம்பியது. அறுபது நாள் அங்கீகாரத்தில் வருகிறவர்கள் இப்படித்தான். வருவார்கள், போவார்கள். பாவம், ஆர்லோவைத் தேடுவதற்கு ஒரு நாதியில்லை.

அப்படியென்றால் மனு போட்டது யார்?

மர்ரே எழுந்து ஷோரூமுக்குப் போனான். மெக்கானிக் பின்கட்டில் இருந்தான். வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. வெளியே மார்ச் மாதப் பனி சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

தரையில் ஈரமான காலடித் தடங்கள்...

வாசலில் ஆரம்பித்து, வரிசையாக நடந்து, ஆர்லோவின் மேஜையில் போய் முடிந்தன!

மேஜைமேல் ஒரு காபிக் கோப்பை. அதில் 'ஆர்லோ' என்று எழுதியிருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

நாற்காலி காலி.

 மர்ரே ஓர் அடி பின்னால் வைத்தான்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது!

"வணக்கம்! ஆர்லோ பெல்கி பேசறேன்... இப்ப வெளியில இருக்கேன். கொஞ்சம் காத்திருங்க... சீக்கிரமே திரும்பி வந்துடுவேன்!"

"ஐயோ!"

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தலை எழுந்தது.

நாடின்! திங்கட்கிழமை ஆல்பர்ட்டாவின் மெடிசின் ஹாட்டிலிருந்து வந்து சேர்ந்த புது விற்பனைக்காரி. கையில் ஒரு டெலிபோன் ஒயர்.

"என்ன மர்ரே, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"அந்தக் குரல்... அந்தக் குரல்..."

"ஆர்லோ குரல்தானே? கேட்டா நல்ல மனுஷனா தெரியுது. அவர் எங்க போனார் மர்ரே? லாக்கர்ல அவரோட குளிர் கோட்டு இன்னும் தொங்குது. இந்தக் குளிர்ல கோட்டு இல்லாம யாராவது ஊரை விட்டுப் போவாங்களா?"

மர்ரே ஆபீஸ் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினான்.

கம்பெனி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் ஆர்லோ அன்று கிளம்பினான். அந்த ஜாக்கெட்டின் முதுகு தண்ணீருக்கு மேல் ஒரு நிமிஷம் மிதந்தது. இப்போது கண்ணை மூடினாலும் அது மிதக்கிறது!

நாடின் யார்? ஆல்பர்ட்டாக்காரி. ஆர்லோவும் ஆல்பர்ட்டா. தங்கையா? காதலியா? இல்லை... போலீஸா?

டொக்... டொக்...

"யாரு?"

"நாடின். உள்ள வரலாமா?"

வந்தாள். மார்போடு ஒரு ஃபைலை அணைத்திருந்தாள். எதிரே உட்கார்ந்து, ஃபைலை மேஜைமேல் வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மர்ரே, சுத்தி வளைக்காம கேட்டுடறேன். ஆர்லோ விஷயத்தை எத்தனை நாள்தான் மூடி வைப்பீங்க?"



"எ... என்ன விஷயம்?"

"வாரியத்துல எல்லாம் சொன்னாங்க. உங்களால நான் மாட்டிக்கிட்டு முழிக்கறேன். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். கடைசி நாள் எது? என்ன காரணம்? ரெண்டையும் எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுடுங்க!"

ஒரு காகிதம் அவன் பக்கம் நகர்ந்து வந்தது.

மர்ரே உடைந்தான்!

"அந்தக் காகிதத்தை எடுத்துடு! நாலு தடவை எழுத உட்கார்ந்தேன்... 'கடைசி வேலை நாள்'னு பார்த்ததுமே கை ஓடல! பிப்ரவரி ஆறாம் தேதி! போதுமா? படகுத்துறையில நின்னு ஏரியைப் பார்த்துட்டிருந்தான். 'ஆல்பர்ட்டாவுல இப்படி ஒரு ஏரி இல்ல மர்ரே'ன்னான். அப்பத்தான் தள்ளினேன்! அவனுக்கு நீச்சல் தெரியாது... என்னை 'சார்'னு கூப்பிட்டான். ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்ல. முங்கும்போது கூப்பிட்டான்!"



நாடினின் முகம் வெளுத்திருந்தது. 

"மர்ரே... என்ன சொல்றீங்க நீங்க?"

"நடிக்காத! நீ போலீஸ்தானே? இல்ல, அவன் தங்கச்சியா?"

"நா... நான் கார் விக்கறவ! அவரை நான் பார்த்ததுகூட இல்ல!"

"அப்ப இந்தப் படிவத்தை நீ ஏன் தூக்கிட்டு வந்தே?"

"ஆள் வேலையை விட்டா மேனேஜர் ஒரு வாரத்துல அனுப்ப வேண்டிய விலகல் படிவம்! நீங்க அனுப்பவே இல்லையாம். ஒரு கம்பெனிக்கு ஒரு தற்காலிக ஆள்தானாம். ஆர்லோ ஃபைலை மூடினாத்தான் என் ஃபைலைத் திறப்போம்னுட்டாங்க. ரெண்டு குழந்தைங்களை அம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். இந்த வேலை போச்சுன்னா நடுத்தெருதான். அதான் கேட்டேன்..."

"அந்தக் குரல்?"

"அவர் போன்ல பதிஞ்சு வெச்ச வணக்கம். அழிக்கத்தான் ஒயரை மாத்திட்டிருந்தேன்."

"அந்தக் காபி?"

"பனியில நடந்து வந்து, சூடா எனக்குப் போட்டது. வேற கோப்பை கிடைக்கல."

மர்ரே அவளையே பார்த்தான். அவனை யாரும் சந்தேகப்படவில்லை. ஒரு தேதியையும், 'சொந்தக் காரணம்' என்ற இரண்டு சொற்களையும் எழுதியிருந்தால், ஏரி வாயைத் திறந்திருக்கவே திறந்திருக்காது!

மெதுவாக எழுந்தான். போய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டான். மூலையில் கிடந்த வீல் ஸ்பானரைக் கையில் எடுத்தான்.

"மர்ரே... வேண்டாம்!"

"அறுபது நாள் ஆளுங்க வருவாங்க, போவாங்க நாடின். இந்த ஊர்ல யாரும் தேட மாட்டாங்க."

ஸ்பானர் உயர்ந்தது.

"ஹலோ..."

ஒரு பெண் குரல்! மர்ரே திடுக்கிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தான். குரல் ஃபைலுக்குள்ளிருந்து வந்தது.

"ஹலோ... வாரியத்திலேர்ந்து ஜோலீன். நான் லைன்லதான் இருக்கேன்."

நாடின் ஃபைலைத் திறந்தாள். உள்ளே ஒயர் இல்லாத டெலிபோன்! 'தேதியைக் கேட்டுட்டு வாங்க, காத்திருக்கேன்' என்று ஜோலீன் சொல்லியிருந்தாள். பத்து நிமிடமாக அப்படியே காத்திருந்தாள், பொறுமைசாலி!

"மேனேஜர் சார், எல்லாம் கேட்டது. பக்கத்து லைன்ல போலீஸுக்கும் சொல்லியாச்சு. கையில என்ன இருக்கோ, அதைக் கீழ வெச்சுடுங்க."

மர்ரே வறண்ட உதடுகளை நக்கிக்கொண்டான்.

"அந்த... நீட்டிப்பு மனு?"

"ஆர்லோ பிப்ரவரி மூணாம் தேதியே தபால்ல போட்டிருக்கார். எங்க ஆபீஸ்ல மேஜை மேஜையா சுத்திட்டு இன்னிக்குத்தான் என்கிட்ட வந்துச்சு. 'இந்த ஊர் எனக்குப் பிடிச்சிருக்கு, இங்கேயே இருக்கணும்'னு ஒரு துண்டுச் சீட்டும் வெச்சிருக்கார்."

ஸ்பானர் தரையில் விழுந்தது.

நாடின் வாய்விட்டு அழுதாள். முகம்கூடத் தெரியாத ஒருவனுக்காக அழுதாள். முப்பத்தெட்டு நாளில் ஆர்லோவுக்காக விழுந்த முதல் கண்ணீர் அது.

ஏழு நிமிடத்தில் போலீஸ் வந்தது. தாழ்ப்பாளை மர்ரேயே திறந்துவிட்டான். கைவிலங்கோடு நடந்தவன், வாசலில் ஒரு நொடி நின்று பல்லைக் கடித்தான்.

"ஆல்பர்ட்டாக்காரியை வேலைக்கு எடுத்தேன் பாரு... எல்லாம் என் தப்பு! எனக்கும் அந்த மாகாணத்துல ஆள் இருக்கு. ஜாமீன்ல வந்தா எல்லையைத் தாண்டிடுவேன். அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

நாடின் கண்களைத் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"தாராளமா தாண்டுங்க மர்ரே! என் லைசென்ஸ்தான் எல்லை தாண்டினா அறுபது நாள் செல்லும். உங்க கொலைக் கேஸ் எல்லா மாகாணத்துலயும் ஆயுசுக்கும் செல்லும்... நீட்டிப்பு மனுகூடப் போட வேண்டாம்!"